கதவுக்குப் பின்னால் இரண்டு தடிகள்

எங்கள் வீட்டு வாசற்கதவுக்குப் பின்னால் இரண்டு தடிகள் சாத்தியிருக்கும். ஒன்று என் மாமனார் விட்டுப்போனது. காட்டு ஒலிவ மரத்தில் செதுக்கி, தலைப்பக்கம் குழந்தையின் முட்டிக்கை அளவுக்குக் குமிழ் வைத்தது. இங்கே எல்லோரும் நாப்கெரி என்பார்கள். சூலு மொழியில் இவிசா. இன்னொன்று வளைந்த பிடியும் அடியில் ரப்பர்ப் பூணும் உள்ள சாதாரணக் கைத்தடி, மருந்துக் கடையில் வாங்கியது. விடியலில் நடக்கக் கிளம்பும்போது என் கை இரண்டாவதைத்தான் எடுக்கும். முதலாவதை 2021 ஜூலைக்குப் பிறகு நான் வாசலுக்கு வெளியே கொண்டுபோனதில்லை.

ஊரிலிருந்து பேசும் நண்பர்கள், படத்தில் என் கையில் தடியைப் பார்த்துவிட்டு, "முழங்காலுக்கா, பாதுகாப்புக்கா?" என்று கேட்கிறார்கள். இரண்டுக்கும்தான். ஆனால் இந்த இரண்டும் ஒரே தடியில் எப்படிக் குடியிருக்கின்றன என்பதை ஒரு வரியில் சொல்ல முடியவில்லை. அதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் இருப்பது தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தின் தெற்கே, சாட்ஸ்வொர்த்தில். 1960களில், இனவாரியாக மக்களைப் பிரித்துக் குடியமர்த்தும் சட்டத்தின் கீழ், கேட்டோ மேனர் போன்ற இடங்களிலிருந்து இந்திய வம்சாவளிக் குடும்பங்களைப் பெயர்த்துக் கொண்டுவந்து அமர்த்திய ஊர் இது. வெள்ளையர் குடியிருப்புகளுக்கும் கறுப்பின மக்களின் உம்லாசிக்கும் நடுவில் ஒரு வேலி மாதிரி இதை வைத்தார்கள். வேலியாக நடப்பட்டவர்களுக்கு இரண்டு பக்கத்தையும் பார்த்துப் பயப்படச் சொல்லிக்கொடுத்தார்கள். நான் 1996இல் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கணக்கு வேலைக்கு வந்தவன். கல்யாணமும் இங்கேயே. மனைவியின் குடும்பம் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்த வழி. அவள் பேசும் தமிழில் வட ஆர்க்காட்டுச் சொற்கள் நூற்றிருபது ஆண்டுக்கு முந்தைய வாசனையோடு அப்படியே இருக்கும். நடுநடுவே ஆங்கிலம் ஓடும்.

மாமனாரின் தடிக்கு ஒரு கதை உண்டு. சர்க்கரை ஆலையில் இரவுப் பணி முடித்து, கரும்புக்கு நடுவில் இருட்டில் நடந்து வருவார். பாம்புக்கும் நாய்க்கும் ஆகட்டும் என்று கூட வேலை செய்த சூலுக்காரர் ஒருவர் செதுக்கிக் கொடுத்ததாம். அவர் அதை ஒருநாளும் மனிதன்மேல் ஓங்கியதில்லை என்று என் மனைவி சொல்வாள். இந்த வாக்கியம் எனக்கு ரொம்ப நாள் வெறும் குடும்பப் பெருமையாகத்தான் காதில் விழுந்தது.

2021 ஜூலை. முன்னாள் அதிபர் சூமா சிறைக்குப் போனதைத் தொடர்ந்து எங்கள் மாகாணமான குவாசூலு-நட்டால் பற்றி எரிந்த நாட்கள். கடைகள் சூறையாடப்பட்டன, கிடங்குகள் எரிந்தன, சாலைகள் அடைபட்டன. ரொட்டி கிடைக்கவில்லை, பெட்ரோல் கிடைக்கவில்லை, காவல் துறையும் கண்ணில் படவில்லை. கைப்பேசியில் நிமிடத்துக்கு ஒரு குரல்பதிவு: "அந்தப் பக்கம் நுழைஞ்சுட்டாங்க, இந்தப் பக்கம் லாரியில வர்றாங்க." எது உண்மை, எது புரளி என்று பிரித்துப் பார்க்கிற நிலையில் யாரும் இல்லை. திங்கட்கிழமை இரவு எங்கள் தெருமுனையில் பழைய டயர்கள், குப்பைத் தொட்டிகள், ஓடாத துணி துவைக்கும் இயந்திரம் ஒன்று, எல்லாம் போட்டு மறித்தோம். முப்பது பேர் இருப்போம். கிரிக்கெட் மட்டை, கோல்ஃப் மட்டை, மண்வெட்டிக் காம்பு, ஓரிருவரிடம் துப்பாக்கி. என் கையில் மாமனாரின் தடி.

பதினொரு மணி சுமாருக்கு ஒரு பையன் தோளில் பையோடு தனியாக நடந்து வந்தான். கறுப்பினப் பையன், இருபத்திரண்டு இருபத்துமூன்று வயதிருக்கும். ஆறேழு பேர் சூழ்ந்துகொண்டார்கள். பையைத் திறக்கச் சொன்னார்கள். உள்ளே ஒரு சீருடை, இரண்டு ரொட்டி. ரொட்டியைப் பார்த்ததும் குரல்கள் ஏறின. "எந்தக் கடையில எடுத்தது? ரசீது எங்க?" யாரோ அவன் தோளைப் பிடித்துத் தள்ளினார்கள். அவன் இரண்டு கையையும் தூக்கி, என்னைப் பார்த்து, "பாபா, ப்ளீஸ்" என்றான். கூட்டத்தில் வயதானவன் நான்தான். பெரியவர் என்று நினைத்து என்னைத் தேர்ந்தெடுத்தான்.

என் தடியின் குமிழ் அவன் நெஞ்சில் இருந்தது.

எப்போது அங்கே போயிற்று என்று எனக்குத் தெரியவில்லை. யாரும் சொல்லி நான் வைக்கவில்லை. அவன் மூச்சு வாங்குவது மரத்தின் வழியாக என் உள்ளங்கைக்கு வந்தது. அது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. அடுத்து என்ன செய்திருப்பேன் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. வீட்டு வாசலிலிருந்து என் மனைவி ஓடிவந்தாள். "வுடுங்க அவன! கிளினிக்ல வேல பாக்குற பையன்! எனக்குத் தெரியும்!" கூட்டம் தளர்ந்தது. அவன் ரொட்டியைப் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, ஓடாமல், நடந்தே போனான். ஓடினால் துரத்துவார்கள் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

தடி எடுத்தவனெல்லாம் தண்டல்காரன் என்று ஊரில் சிறுபிள்ளையிலிருந்து கேட்டு வளர்ந்தவன் நான். அந்த இரவு தண்டல்காரன் நான்தான். டர்பனின் வடக்கே, எங்களுடையது போலவே இந்திய வம்சாவளியினர் வாழும் ஃபீனிக்ஸில் அந்த நாட்களில் 36 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் கறுப்பின மக்கள். அவர்களில் சிலரை நிறுத்தியவையும் எங்களுடையது போன்ற மறிப்புகளே. கலவரம் நடந்த குவாசூலு-நட்டால், கௌட்டெங் என்ற இரண்டு மாகாணங்களிலுமாக இறந்தவர்கள் 350க்கு மேல். அந்த எண்ணைப் படிக்கும்போதெல்லாம் என் உள்ளங்கையில் அந்த மூச்சு வந்து போகும். தடியைக் கதவுக்குப் பின்னால் வைத்தேன். எரித்துவிடலாமா என்று கேட்டபோது மனைவி, "எங்கப்பா ஒழுங்காத்தான வச்சிருந்தாரு" என்று சொல்லித் தடுத்துவிட்டாள்.

ஒன்பது மாதம் கழித்து, 2022 ஏப்ரலில், வெள்ளம். டர்பனும் சுற்றுப்புறமும் நானூறுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொடுத்த அந்த மழையில் எங்களுக்கு வீடு தப்பியது. பின்பக்கச் சரிவிலிருந்து சேறு மட்டும் இறங்கியது. அதை வழிக்கும்போது படிக்கட்டில் வழுக்கி வலது முழங்காலைத் திருகிக்கொண்டேன். தசைநார் கிழிந்து, அறுவை சிகிச்சை ஆகி, நான்கு மாதம் வீட்டுக்குள். பிறகு இயன்முறை மருத்துவர் கைத்தடி வாங்கச் சொன்னார். தடி என்ற சொல்லையே தவிர்த்துக்கொண்டிருந்தவன் கையில் இப்படித் திரும்ப வந்து சேர்ந்தது.

அந்தப் பெண் எனக்குத் தடி பிடிக்கக் கற்றுக்கொடுத்த அரைமணி நேரத்தை மறக்க மாட்டேன். செருப்புப் போட்டுக்கொண்டு நேராக நிற்க வேண்டும். கையைத் தொங்கவிட வேண்டும். மணிக்கட்டின் மடிப்பு எங்கே வருகிறதோ அதுதான் தடியின் உயரம். ஐந்தடி ஏழு அங்குலம் உள்ள எனக்கு 34 அங்குலம் வந்தது. பிடித்தால் முழங்கை லேசாக மடங்கியிருக்க வேண்டும். அடுத்து அவர் சொன்னதுதான் எனக்குப் புதிது. வலது முழங்கால் பழுதென்றால் தடி இடது கையில். வலது காலும் இடது கையும் ஒன்றாக முன்னே போகும். அப்போதுதான் உடம்பின் பாரம் பழுதான காலிலிருந்து எதிர்ப்பக்கம் மாறும். திரைப்படங்களில் நடிகர்கள் நொண்டுகிற கால் பக்கமே தடியைப் பிடித்து நடப்பதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது தலைகீழாகத் தோன்றும். இரண்டு நாள் அவர் சொன்னபடி நடந்து பார்த்தால் உடம்பே ஒப்புக்கொள்ளும்.

வெளியே நடக்கத் தொடங்கிய முதல் வாரத்திலேயே ஒன்று புரிந்தது. நொண்டி நடக்கிற கிழவனைத் தெரு வேறு மாதிரி பார்க்கிறது. முன்பு என்னைக் கடந்துபோன கண்கள் இப்போது என் சட்டைப் பையில் நின்றன. என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, "அத்தான், ஸ்ப்ரே ஒண்ணு வாங்கிக்குங்க, இல்லாட்டி லைசென்ஸ் போட்டுத் துப்பாக்கி வாங்கிக்குங்க" என்றான். துப்பாக்கி வேண்டாம் என்று அப்போதே சொல்லிவிட்டேன். தடி ஓங்கியே என்னைக் கண்டுபிடித்தவன், துப்பாக்கியோடு என்ன கண்டுபிடிப்பேனோ. ஸ்ப்ரே வாங்கினேன், காற்று எதிரே அடித்தால் என் கண்ணுக்கே வரும் என்று தோன்றியதும் மேசை இழுப்பறைக்குப் போய்விட்டது. கையில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே என்ற நினைப்பு மெதுவாக வந்தது. வந்தபோது உடம்பு கூசியது. ஆனாலும் தள்ளவில்லை. பயந்தவன் கையில் தெரியாத பொருளாக இருந்ததால்தானே அந்த இரவு அந்தத் தடி தானாகப் போய் நெஞ்சில் நின்றது? தெரிந்துகொண்டால் நிற்குமா என்று பார்க்க விரும்பினேன்.

சிறுவயதில் எனக்குக் கொஞ்சம் சிலம்பம் உண்டு. கோடை விடுமுறை மாலைகளில் கோயில் பின்புறத் திடலில் ஒரு வாத்தியார் சொல்லிக்கொடுத்தார். முதல் மாதம் கம்பைத் தொடவே விடவில்லை, சுவடு மட்டும்தான். காலை எங்கே வைப்பது, எப்படித் திரும்புவது, எதிராளியை உள்ளே விடாமல் தன்னைச் சுற்றி இடத்தை எப்படிக் காப்பது. வீடு கட்டுவது என்று அதற்குப் பெயர். "வீடு கட்டி அடிச்சான்" என்று இன்றைக்குச் சண்டைக் காட்சியைப் பற்றிச் சொல்கிறவர்களில் பலருக்கு அந்தச் சொல் கால்களிலிருந்து வந்தது என்பது தெரியாது. பிறகு கம்பு வந்தது, நெற்றி உயரத்துக்கு. அந்த நீளத்தில்தான் அது சுழலும், இரண்டு கையும் மாறும், நான்கு திசைக்கும் காவலாகும்.

இப்போது என் கையில் இருப்பது அதில் பாதிக்குக் கொஞ்சம் கூட. ஊன்றுவதற்குச் சரியான உயரம் சுழற்றுவதற்குப் போதாது. சுழற்றுவதற்குச் சரியான உயரம் ஊன்ற உதவாது. இங்கே கடைகளில் 'தற்காப்புக் கைத்தடி' என்று கொஞ்சம் நீளமாக, பிடியைக் கூராகச் செதுக்கி விற்பதைப் பார்த்திருக்கிறேன். என் கருத்தில் அதை யாரும் வாங்க வேண்டாம். நீளம் கூடினால் தோள் மேலே ஏறும், இடுப்பு வலிக்கும், ஆறு மாதத்தில் நீங்கள் அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவீர்கள். ஊன்றுகோலாகச் சரியில்லாத தடி, வேண்டிய நேரத்தில் கையில் இருக்காது.

இதைப் பற்றித் தேடிப் படித்தபோது ஒரு பெயர் கிடைத்தது: எட்வர்ட் வில்லியம் பார்ட்டன்-ரைட். லண்டனில் 1899வாக்கில் பார்டிட்சு என்ற தற்காப்புக் கலவையை உண்டாக்கியவர். ஜப்பானிய ஜூஜுட்சு, குத்துச்சண்டை, பிரெஞ்சு உதைச்சண்டை, கைத்தடி எல்லாம் அதில் உண்டு. கைத்தடிப் பாடம் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பியர் விக்னி என்ற ஆசானுடையது. 1901இல் ஒரு லண்டன் பத்திரிகையில் பார்ட்டன்-ரைட் அதைப் படங்களோடு எழுதினார். 1923இல் இந்தியக் காவல் துறை அதிகாரியான லாங் அதே வழியில் ஒரு கையேடே எழுதினார். என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொன்று. பார்ட்டன்-ரைட் பிறந்தது பெங்களூரில், 1860 நவம்பர் 8. எட்டு நாள் கழித்து, நவம்பர் 16 அன்று, சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் 342 பேரோடு டர்பன் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. இந்த மண்ணின் முதல் ஒப்பந்தக் கூலிகள் அவர்கள்தான். இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு தடிகளையும் பார்க்கும்போது அந்த எட்டு நாள் எனக்கு நினைவுக்கு வருகிறது.

விக்னியின் பாடத்தில் எனக்குப் பிடித்தது ஓர் எளிய கவனிப்பு. கைத்தடிக்கு வாளைப் போலக் கைக்காப்பு கிடையாது. முன்னே நீட்டிப் பிடித்தால் முதல் அடி விரலில்தான் விழும். அதனால் அவர் தடி பிடித்த கையைத் தலைக்கு மேலே, பின்னால் தூக்கிவிட்டு, வெறுங்கையை முன்னே நீட்டச் சொன்னார். எதிராளி அந்தக் கையைக் குறிவைத்து வருவான். கையை இழுத்துக்கொண்டால் அவன் அடி காற்றில் போகும், தலைக்கு மேலிருக்கும் தடி இறங்கும். தூரமே கேடயம். எங்கள் வாத்தியார் இதைக் கேட்டிருந்தால் தலையாட்டியிருப்பார். விரல் முட்டியில் விழும் அடியின் வலி எல்லா நாட்டுத் தடிக்காரருக்கும் ஒன்றுதானே.

ஆனால் நான் 66 வயது. வலது கைக்காரன், தடியோ இடது கையில். அதை வலக்கைக்கு மாற்றி ஓங்கும் கணத்தில் பழுதான காலில் தாங்கலில்லாமல் நிற்பேன். இதை எந்தக் கையேட்டிலும் நான் படிக்கவில்லை. சொல்லிக்கொடுத்தவர் எங்கள் பக்கத்துக் கடைவளாகத்தின் காவலர். என்னைவிட நான்கு வயது மூத்தவர், ம்சிங்கா பக்கத்துக்காரர். சூலு இளைஞர்களின் தடிச்சண்டையில் ஊறிய ஊர் அது. அந்த ஆட்டத்தில் இரண்டு தடிகள்: அடிப்பதற்கு இந்துக்கு, தடுப்பதற்கு நீளமான உபோக்கோ, கையில் சின்னத் தோல் கேடயம் இஹாவு. உபோக்கோவின் நுனி கூர். ஆனால் அதால் குத்துவது விதிக்கு வெளியே. மண்டேலாகூடச் சிறுவயதில் குனு கிராமத்தில் மாடு மேய்க்கும் பையன்களோடு தடிச்சண்டை பழகியவர்தான்.

காலையில் கடை திறக்குமுன் அவரிடம் போவேன். "சாவுபோனா, பாபா" என்பேன். "யெபோ, பாபா" என்பார். நான் சுற்றிக்காட்டிய சிலம்ப வீச்சைப் பார்த்துவிட்டு, அவர் தன் சப்பாத்து நுனியால் என் கைத்தடியின் பூணை லேசாகத் தட்டினார். நான் தள்ளாடினேன். அவ்வளவுதான் முதல் பாடம். பிறகு சுவரில் முதுகைச் சாய்த்து நிற்கச் சொன்னார். சுவர் இருந்தால் மூன்றாவது கால் வேண்டாம். இரண்டு கையும் தடிக்கு வந்துவிடும். ஒரு கை பிடியில், ஒரு கை நடுவில், இடுப்பு உயரத்தில், நுனி எதிராளியின் நெஞ்சைப் பார்த்து. வீசும் தடியைப் பிடிக்கலாம். நேராக வரும் நுனியைப் பிடிப்பது கடினம். "இங்கே உங்கள் உபோக்கோதான் இந்துக்குவும்" என்றார். அவர் ஊரில் குத்துவது தப்பில்லையா என்று கேட்டேன். "அது விளையாட்டு" என்றார்.

நெஞ்சைப் பார்த்து நுனி. முதல் முறை அவர் என்னை அப்படி நிறுத்தியபோது என்னால் நிற்க முடியவில்லை. தடியை இறக்கிவிட்டு, 2021 ஜூலையில் நடந்ததை அவரிடம் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாள் போனபோது, "இன்றைக்குக் கால் மட்டும்" என்றார். இரண்டு வாரம் கால் மட்டுமே பழக்கினார்.

சட்டத்தையும் படித்தேன், படிக்கத்தான் வேண்டும். 2013ஆம் ஆண்டின் ஆபத்தான ஆயுதங்கள் சட்டத்தில் ஆயுதப் பட்டியல் எதுவும் கிடையாது. சட்டவிரோதமாகப் பயன்படுத்தினால் உயிரையோ உடம்பையோ கடுமையாகச் சேதப்படுத்தக்கூடிய எந்தப் பொருளும் ஆபத்தான ஆயுதம்தான்; அப்படிப் பயன்படுத்தப் போகிறான் என்று நியாயமாகச் சந்தேகிக்கும் சூழலில் வைத்திருந்தால் மூன்றாண்டுவரை சிறை. கைத்தடி ஊன்றி நடக்கும் கிழவனை இது தொடாது. நள்ளிரவில் டயர் மறிப்புக்குப் பின்னால் நாப்கெரியோடு நின்ற கிழவனைத் தொட்டிருக்கலாம். தற்காப்பு என்று நீதிமன்றத்தில் சொல்ல வேண்டுமென்றால், தாக்குதல் தொடங்கியிருக்க வேண்டும், அல்லது அந்தக் கணமே வரவிருக்க வேண்டும், தடுப்பு தாக்குகிறவன் மேல்தான் இருக்க வேண்டும், தேவைக்கு மிஞ்சக்கூடாது. இரண்டு ரொட்டியோடு வந்த பையன் இதில் எந்த வரியிலும் இல்லை.

பழகிய பிறகு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். மூன்று சம்பவங்கள்.

ஒரு நாய். பக்கத்துத் தெருவில் கதவு திறந்திருந்த வீட்டிலிருந்து ஒரு போயர்போல், இந்த ஊரின் பெரிய காவல் நாய் இனம், பாய்ந்து வந்தது. தடியை ஓங்கவில்லை, ஓங்கினால் நாய் இன்னும் மூர்க்கமாகும். நுனியைத் தாழ்த்தி அதற்கும் எனக்கும் நடுவில் வைத்து, ஒவ்வோர் அடியாகப் பின்வாங்கினேன். அது ரப்பர்ப் பூணைக் கவ்வியது. கவ்வட்டும் என்று விட்டேன். வீட்டுக்காரர் வந்து இழுத்துக்கொண்டு போனார். அடுத்த நாள் புதுப் பூண் வாங்கினேன். (நாய் கடிக்காவிட்டாலும் பூண் தேயத் தேய மாற்றுங்கள். தேய்ந்த பூண் ஈரத் தரையில் வழுக்கி விழத் தள்ளிவிடும்.)

ஒரு மனிதன். டாக்சி நிறுத்தத்தில் குடித்திருந்தவன், என் தடியின் கீழ்ப்பகுதியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டான். இழுத்தால் அவன் ஜெயிப்பான், நான் விழுவேன். இழுக்காமல் ஓரடி அவனை நோக்கி வைத்து, பிடியைக் கட்டைவிரல் பக்கமாக வட்டமாகத் திருப்பினேன். பிடித்த கை எதுவானாலும் கட்டைவிரலும் விரல்களும் சேருமிடம்தான் அதன் வாசல். தடி விடுபட்டது. அவனும் ஆச்சரியப்பட்டான், நானும் ஆச்சரியப்பட்டேன். கடைக்குள் போய் உட்கார்ந்த பிறகுதான் கை நடுங்கியது. அவனை அடிக்கவில்லை. அடிக்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. அதை நினைத்து நான் அன்று வீடுவரை அழுதுகொண்டே நடந்தேன்.

மூன்றாவது, துப்பாக்கி. 2023 நவம்பர், விடியற்காலை. கார் ஒன்று பக்கத்தில் நின்று, இறங்கியவன் இடுப்பளவில் அதைக் காட்டினான். நான் தடியைக் கீழே போட்டேன். இரண்டு உள்ளங்கையையும் காட்டினேன், கைப்பேசியைக் கொடுத்தேன். பத்து விநாடியில் போய்விட்டார்கள். இந்த நாட்டில் இதைத் தெளிவாகச் சொல்லாமல் யாரும் தடியைப் பற்றி எழுதக்கூடாது என்று நினைக்கிறேன்: துப்பாக்கிக்கு முன்னால் கைத்தடிக்கு வேலை கிடையாது. கையை நீட்டினால் எட்டும் தூரத்தில்தானே இருக்கிறான் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கீழே போடத் தெரிவதையும் பழக வேண்டும். நான் அந்தக் காவலரோடு அதையும் பழகியிருந்தேன். வழியே போன ஓர் அம்மாள் தடியை எடுத்துக் கொடுத்தார். குனிந்து எடுக்க என்னால் முடிந்திருக்காது.

டர்பன்காரர்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு பழைய கதை உண்டு. 1897 ஜனவரி 13. கப்பலிலிருந்து இறங்கி நடந்துவந்த காந்தியை வெஸ்ட் தெருவில் ஒரு வெள்ளையர் கூட்டம் சூழ்ந்து அடித்தது. அந்த வழியாக வந்த காவல் கண்காணிப்பாளரின் மனைவி திருமதி அலெக்சாண்டர், கையிலிருந்த குடையை விரித்துக் கூட்டத்துக்கும் காந்திக்கும் நடுவில் நின்றுகொண்டார். குடையால் யாரையும் அடிக்கவில்லை. பதினோராண்டு கழித்து, 1908 பிப்ரவரி 10 அன்று, ஜோகன்னஸ்பர்கில் மீர் ஆலம் என்ற பட்டாணியர் காந்தியைத் தடியால் அடித்து வீழ்த்தியபோது, கூட இருந்த போராட்டத் தோழர், நம் தமிழர் தம்பி நாயுடுவும் தடுக்கப் போய் அடிவாங்கினார். இதில் எல்லோரும் விட்டுவிடும் பகுதி ஒன்று உண்டு. நான் அங்கே இருந்திருந்தால் என்ன செய்திருக்க வேண்டும் என்று மூத்த மகன் கேட்டபோது, பலத்தைப் பயன்படுத்தியாவது என்னைக் காப்பாற்றுவதே உன் கடமை என்று சொன்னதாகக் காந்தியே 1920இல் எழுதியிருக்கிறார். இன்னொருவரைக் காக்க நடுவில் போய் நிற்பது. என் மாமனாரின் தடி அந்த ஜூலை இரவில் நின்றிருக்க வேண்டிய இடமும் அதுதான்: அந்தப் பையனின் நெஞ்சுக்கு எதிரே இல்லை, அவனுக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்து. என் மனைவி தடியே இல்லாமல் அங்கே வந்து நின்றாள்.

அந்த ரொட்டிப் பையன் எங்கே வேலை பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும். மனைவி அன்றைக்கே சொல்லிவிட்டாளே. தெரிந்தும் இரண்டரை வருடம் போகவில்லை. துப்பாக்கிக்காரர்கள் வந்துபோன அடுத்த ஜனவரியில்தான் போனேன். எதிரே ஆயுதம் இருக்கும்போது உள்ளங்கையைக் காட்டி நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரிந்துவிட்டிருந்தது.

கிளினிக்கின் பின்வாசலில் துடைப்பத் தள்ளுவண்டியோடு நின்றிருந்தார். முகம் கொஞ்சம் அகன்றிருந்தது. நான் யாரென்று சொல்ல வாயெடுத்தேன். "நினைவிருக்கிறது, பாபா" என்றார் ஆங்கிலத்தில். நான் ஒரு வாரமாக மனப்பாடம் செய்திருந்த சூலு வார்த்தையைச் சொன்னேன். மன்னிப்புக் கேட்கும் அந்தச் சொல்லின் நடுவில் கன்னத்துப் பக்கம் நாக்கைச் சொடுக்கும் ஓர் ஒலி வரும். எனக்கு அது வரவில்லை. மூன்று முறை முயன்றேன். அவர் சிரிக்கவில்லை. மெதுவாக ஒருமுறை தானே சொல்லிக் காட்டினார். நான் திருப்பிச் சொன்னேன்.

பிறகு அந்த ரொட்டிகளைப் பற்றிச் சொன்னார். வேலை முடிந்து, கிளினிக்கில் கூட வேலை பார்க்கும் ஓர் அம்மா தன் பங்கிலிருந்து கொடுத்ததாம். உம்லாசிக்கு நடந்தே போனபோது அவர்கள் தெருமுனையிலும் மறிப்பு இருந்ததாம். "அங்கேயும் எல்லோர் கையிலும் தடி. என் அம்மா கையிலும்" என்றார். இருட்டில் மகனை அடையாளம் தெரியாமல் அந்த அம்மாவும் ஓங்கியிருக்கிறார்.

"எந்தக் கால்?" என்று கேட்டார். "வலது" என்றேன். தள்ளுவண்டியைச் சுவரோரம் விட்டுவிட்டு, வாசல்வரை வந்தார், என் வலப்பக்கமாக, அரை அடி பின்னால், ஈரத் தரை முடியும்வரை.